வாங்குபவனின் மௌனம்

கொடுக்கல் வாங்கலில் மோசடி கூடாது என்று மிம்பரிலும் மேடையிலும் பேசப்படும்போதெல்லாம், பேச்சு விற்பவனைப் பற்றியதாகவே அமைந்துவிடுகிறது. எடையைக் குறைக்காதே, பாலில் தண்ணீர் கலக்காதே, நனைந்த தானியத்தைக் குவியலின் அடியில் மறைக்காதே என்கிறோம். யாவும் உண்மையே. ஆனால் வாங்குபவன் செய்யக்கூடிய மோசடி ஒன்றும் உண்டு. பொருளின் மதிப்பு அவனுக்குத் தெரியும், விற்பவனுக்குத் தெரியாது. இவன் வாய் திறவாமல் அடிமாட்டு விலைக்குப் பேசி முடித்துக்கொண்டு போய்விடுகிறான். இந்த இலாபம் எத்தகையது?

அரிசி, துணி போன்ற அன்றாடச் சரக்கில் இக்கேள்வி அதிகம் எழுவதில்லை. அவற்றின் விலை ஊரறிந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடைபெறும் பழைய பந்தயக் கார் வியாபாரத்திலோ அது பூதாகரமாக எழுந்து நிற்கிறது. பழைய காருக்கு என்ன பெரிய விலை என்று நினைக்க வேண்டாம். இத்தாலியின் ஃபெராரி கம்பெனி 1962 முதல் 1964 வரை '250 ஜி.டி.ஓ.' என்னும் பந்தயக் காரை மொத்தம் 36 மட்டுமே செய்தது. பந்தயத்தில் அதன் காலம் முடிந்ததும் மதிப்பும் விழுந்தது. அவற்றுள் ஒன்று அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்து உயர்நிலைப் பள்ளியொன்றுக்கு, மாணவர்கள் மெக்கானிக் வேலை பழகுவதற்காகப் போய்ச் சேர்ந்தது. 1972இல் பள்ளிக்கூடம் அதனை 6,500 டாலருக்கு விற்றது. அதே இனத்துக் கார் வேறொன்று 2018 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் 4 கோடியே 84 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று!

அந்தப் பள்ளிக்கூடத்தாரை யாரும் ஏமாற்றவில்லை. அன்றைக்குச் சந்தையில் அந்த இனத்துக் காரின் மதிப்பே சில ஆயிரம் டாலர்தான். வாங்கியவரும் மறைஞானம் பெற்றவரல்லர். உலகமே மலிவு என்று கருதிய பொருளை மலிவாக வாங்குவதில் குற்றம் காண இடமில்லை. பின்னால் விலை ஏறியது அல்லாஹ் அளந்த ரிஸ்க்.

இன்னொரு காரைப் பாருங்கள். இங்கிலாந்தின் நியூகாசில் பகுதியில் ஒரு டாக்டர், 1937இல் செய்யப்பட்ட புகாட்டி காரொன்றைத் தம் வீட்டு ஷெட்டில் பூட்டி வைத்திருந்தார். சுமார் அரை நூற்றாண்டுக் காலம் அது தூசியடைந்து கிடந்தது. 2007இல் அவர் இறந்தபின், வாரிசுகள் அதனை முறையாக ஏலக் கம்பெனியிடம் ஒப்படைத்தனர். 2009 பிப்ரவரியில் பாரிஸ் நகரத்து ஏலத்தில் சுமார் 34 இலட்சம் யூரோவுக்குப் போயிற்று.

அந்த வாரிசுகளுக்கு முன்னதாகவே, விவரம் தெரிந்த ஒருவர் அந்த ஷெட்டை எட்டிப் பார்த்திருந்தால்? "ஓடாத வண்டி, துருப்பிடித்த தகரம், இழுத்துப் போகவே லாரிக்கூலி ஆகும்; உங்களுக்காக ஆயிரம் பவுண்டு தருகிறேன்" என்று சொல்லியிருந்தால்? இப்படிப் பேசுவது பொய். பொய்யால் பெற்றது ஹலால் ஆகாது என்பதில் வாதமே இல்லை. ஆனால் அவர் பொய் ஏதும் சொல்லாமல், "என்ன விலைக்குத் தருவீர்கள்?" என்று மட்டும் கேட்டு, அவர்கள் சொன்ன ஆயிரத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால்? இங்கேதான் நம் மனச்சாட்சி தடுமாறுகிறது.

உலகச் சட்டம் இதற்கு ஒரு விடை சொல்லியிருக்கிறது. 1815 பிப்ரவரியில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் ஒரு வியாபாரி பெரும் அளவில் புகையிலை வாங்கினார். இங்கிலாந்தோடு நடந்த யுத்தம் முடிந்து சமாதான உடன்படிக்கை ஆகிவிட்டது என்ற செய்தி அன்று அதிகாலையிலேயே அவர் காதுக்கு எட்டியிருந்தது. விற்றவருக்கு அது தெரியாது. செய்தி பரவியதும் விலை 30 முதல் 50 சதவீதம் வரை ஏறிவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. தனக்குத் தெரிந்ததை விற்பவரிடம் சொல்லியாக வேண்டிய கடமை வாங்குபவருக்கு இல்லை, ஆனால் ஏமாற்றும்படியான சொல்லோ செயலோ இருத்தலாகாது என்று 1817இல் தீர்ப்பாயிற்று.

நமது ஃபிக்ஹு நூல்களின் தீர்ப்பும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. வஞ்சனை இல்லாதவரை, விலை மிகக் குறைவு என்ற ஒரே காரணத்தால் வியாபாரம் முறியாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. ஹன்பலி மத்ஹபிலோ, விலை அறியாமல், பேரம் பேசத் தெரியாமல், எதிரியை நம்பி விற்றவனுக்கு அந்த வியாபாரத்தை ரத்துச் செய்யும் உரிமை உண்டு. சந்தை விலை தெரியாமல் வெளியூரிலிருந்து சரக்குடன் வருவோரை வழியிலேயே மறித்து வாங்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததை நாம் அறிவோம். விற்பவனின் அறியாமையைத் தேடிப் போய்ப் பிடிப்பதற்கும் அந்தத் தடைக்கும் எவ்வளவு நெருக்கம் என்று சிந்தியுங்கள். கிழவர் இறந்த வீடு எங்கே, பூட்டிய ஷெட் எங்கே என்று விசாரித்துக்கொண்டு அலைபவர் செய்வதும் ஏறக்குறைய அதுதானே!

ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் குதிரைச் சம்பவத்தை இங்கு நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவர்களின் பணியாள் முந்நூறு திர்ஹத்துக்கு ஒரு குதிரையைப் பேசி முடித்து, பணம் பெற்றுக்கொள்ள உரிமையாளரையும் அழைத்து வந்தார். குதிரையைப் பார்த்த ஜரீர் (ரலி) அவர்கள், இது முந்நூற்றை விட மேலானது, நானூறுக்குத் தருகிறீரா என்று கேட்டார்கள். பின்பு தாமாகவே விலையை ஏற்றிக்கொண்டே போய் எண்ணூறுக்கு வாங்கினார்கள். முஸ்லிம் ஒவ்வொருவருக்கும் நலம் நாடுவதாக நபிகளாரிடம் தாம் பைஅத் செய்திருப்பதையே அதற்குக் காரணமாகக் கூறினார்கள். அக்காலத்தின் விரைவு வாகனம் குதிரைதான். அது எத்தகைய குதிரை என்பதை அறிந்தவர் வாங்கியவர், அறியாதவர் விற்றவர். நம் விஷயத்துக்கு இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி ஏது?

"ஐரோப்பாவில் விற்பவர் முஸ்லிம் அல்லவே" என்று எவரேனும் சாக்குச் சொல்லலாம். ஏமாற்று எந்த மதத்தவரிடமும் ஹராம்தான். இதில் சட்டம் தேடுவதே வெட்கம்.

மற்றொரு ஆட்சேபம் கனமானது; அதை அலட்சியம் செய்வதற்கில்லை. "இருபது ஆண்டுகள் இந்த வண்டிகளோடு உழன்று அறிவைச் சம்பாதித்தேன். விலையெல்லாம் சொல்லிவிட்டால் என் அறிவுக்குக் கூலி எங்கே? பத்து வண்டியில் மூன்று என்னையே கவிழ்க்கிறதே!" என்பார் வியாபாரி. அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஃபெராரியின் 'டெஸ்டரோசா' என்னும் 1984ஆம் ஆண்டு மாடலில், இன்ஜினுக்குள் இருக்கும் டைமிங் பெல்ட்டைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். அதற்கு இன்ஜினையே வண்டியிலிருந்து கீழே இறக்க வேண்டும்! மலிவாக வாங்கியவர் அந்த ரிப்பேர் பில்லைக் கண்டு மலைத்து உட்கார்ந்துவிடுவார். பெயிண்டின் கீழ் துரு இருப்பதும், அதைப் பட்டி பூசி மறைப்பதும் வேறு. பழைய இரும்புக் கடைக்குக் காயலான் கடை என்று பெயர் வந்ததே காயல்பட்டினத்தாரால்தான் என்பர். பழம்பொருளின் உள்மதிப்பைக் கண்டறியும் தொழில் நம்மவர்க்குப் புதிதல்ல; அதில் உள்ள நஷ்டமும் நமக்குத் தெரியும். ஆகவே நியாயமான இலாபத்தை, அது கொழுத்த இலாபமாயினும், நான் குறை கூறவில்லை. ஆயிரத்துக்கும் இலட்சங்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கூலி என்று அழைக்கத்தான் நா கூசுகிறது.

அறியாமையால் விற்பவன் இருக்க, நெருக்கடியால் விற்பவனும் இருக்கிறான். 2008ஆம் ஆண்டின் இறுதியில் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது, துபாயில் வேலையிழந்த வெளிநாட்டார் பலர் கடனில் வாங்கிய உயர்ந்த ரகக் கார்களை விட்டுவிட்டு விமானம் ஏறினர். அங்கு அப்போது பணமின்றித் திரும்பிய செக்குக்கு ஜெயில் உண்டு. 2022 ஜனவரி முதல்தான் அது பெரும்பாலும் சிவில் விவகாரமாக மாறியது. இப்படிக் கைவிடப்பட்ட வாகனத்தைப் பகிரங்க ஏலத்தில் எடுப்பது வேறு. ஏலம் நபிவழியில் அனுமதிக்கப்பட்டது. பலர் போட்டியிடுவதால் கடனாளிக்கும் கடன் கொடுத்தவருக்கும் ஓரளவு நீதி கிடைக்கிறது. இன்றிரவே ஊருக்குப் போயாக வேண்டிய ஒருவனைத் தனியே பிடித்து, அவன் கைநடுக்கத்தை வைத்து விலையை இறக்குவது வேறு. நெருக்கடியில் இருப்பவனைக் கசக்கி வாங்குவதை உலமாக்கள் வெறுத்திருக்கிறார்கள்.

விவரம் தெரிந்தவர் வாங்காமலே சம்பாதிக்கவும் வழியுண்டு. "அம்மா, இது விலைமதிப்புள்ள வண்டி. நானே ஏலத்துக்குக் கொண்டு சேர்க்கிறேன், எனக்கு இவ்வளவு கமிஷன் தாருங்கள்" என்று விதவையிடம் வெளிப்படையாகக் கேட்கலாம். தரகுக்கூலியை மார்க்கம் தடுக்கவில்லை. தாமே வாங்க ஆசைப்பட்டால், வேறொருவரிடமும் காட்டி விலை விசாரிக்கும்படி சொல்லிவிட்டு ஒரு வாரம் காத்திருக்கலாம். வண்டி கைமாறிப் போய்விடும் என்பது உண்மைதான்; பல தடவை போகவும் செய்யும்.

முன்பே இப்படி வாங்கி முடித்தவர்களின் நிலை என்ன என்று சிலர் கேட்கக்கூடும். பொய் சொல்லி வாங்கியிருந்தால் விற்றவரையோ அவர் வாரிசுகளையோ தேடிச் சென்று கணக்குத் தீர்ப்பது கடமை. மௌனமாக மட்டும் இருந்தவர் மீது அதைக் கட்டாயம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அவர் தம் மத்ஹபை அறிந்த ஆலிம் ஒருவரிடம், விலையையும் விற்றவரின் நிலையையும் ஒளிக்காமல் எடுத்துரைத்துக் கேட்டுக்கொள்வாராக.