எட்டிய தரையும் எட்டாத தரையும்

செயலை அதன் பயனைக் கொண்டு அளப்பது உலக வழக்கு. வென்றவன் அறிவாளி, தோற்றவன் ஆராயாமல் இறங்கியவன். இவ்வழக்கு அறநெறிக்கு ஒத்ததுதானா என்னும் வினாவுக்கு விடையை, வானில் இடர்ப்பட்டுத் தரையிறங்க முயன்ற சில விமானங்களின் வரலாற்றில் தேடலாம் என்று எண்ணுகிறேன். ஏனெனில் அங்கே முடிவெடுக்கக் கிடைப்பவை சில நிமிடங்களே. எடுத்த முடிவின் பயனும் உடனே தெரிந்துவிடுகிறது.

1976ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாளை இந்நகரத் தமிழர்களுள் மூத்தோர் மறந்திரார். அந்நாளில் நம்மவர்க்கு ஊர்ப்பயணம் என்றால் தாதரிலோ விக்டோரியா டெர்மினஸிலோ ரயிலேறுவதுதான். விமானம் வசதியுடையோர்க்கு உரியது. அல்லது, 'தந்தை கவலைக்கிடம், உடனே புறப்படு' என்று தந்தி வந்து, கடன் வாங்கியாவது போயே தீரவேண்டியவர்க்கு. அன்று பம்பாயிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் காரவெல் விமானத்தின் எஞ்சின்களுள் ஒன்று, மேலெழுந்த சிறிது நேரத்திலேயே பழுதுற்றது. எஞ்சினுள் காற்றை அழுத்தும் பகுதியிலிருந்த வட்டத் தகடொன்றில், உலோகம் நாளடைவில் சோர்ந்து விரிசல் கண்டிருந்தது. அது சிதறி எரிபொருள் குழாயை அறுத்தது, தீப் பற்றிக்கொண்டது. விமானிகள் உடனே நிலையத்தை நோக்கித் திரும்பினர். அம்முடிவில் குறை காண எவராலும் இயலாது. ஒற்றை எஞ்சினோடு இறங்குவது அவர்கள் பயின்ற கலையே. ஆயினும் காரவெல் விமானத்தைத் திருப்பவும் நிமிர்த்தவும் துணை செய்வது, குழாய்களில் அழுத்தத்தோடு ஓடும் ஹைட்ராலிக் திரவம்; தீ அதனையும் குடித்துவிட்டது. ஓடுபாதையை எட்டுமுன் விமானம் கைக்கு அடங்காமல் வீழ்ந்தது. அதிலிருந்த 95 பேரும் மாண்டனர். 'பத்ரகாளி' படத்தின் நாயகி ராணி சந்திராவும் அவர்களுள் ஒருவர். படம் முடியுமுன்பே அவர் மறைந்தமையால், எஞ்சிய காட்சிகளை வேறொருவரைக் கொண்டு எடுத்து வெளியிட்டனர்.

இனி மற்றொரு நிகழ்ச்சியைப் பாருங்கள். 1993 நவம்பர் 15 அன்று சென்னையிலிருந்து ஐதராபாத் சென்ற இந்தியன் ஏர்லைன்ஸ் ஏர்பஸ், அங்கே பார்வைக்குத் தரை தெளிவாகப் புலப்படாமையால் இறங்காது மேலெழுந்தது. இறங்குவதற்காக விரித்த இறக்கை மடிப்புகள் மீண்டும் உள்ளே செல்ல மறுத்தன. அந்நிலையிலேயே சென்னைக்குத் திரும்புவது என விமானி தீர்மானித்தார். மடிப்புகள் விரிந்திருந்தால் காற்றின் தடை மிகும். எரிபொருள் மிக விரைவாகத் தீரும். சென்னை எட்டாது என்பது நடுவழியில் தெரிந்தது. எரிபொருள் தீர்ந்து எஞ்சின்கள் ஓய்ந்தன. திருப்பதி அருகே ஒரு நெல்வயலில் விமானத்தை இறக்கினார். 262 பேரும் உயிர் பிழைத்தனர்.

பயனை மட்டும் நோக்கின் பின்னவர் போற்றத்தக்கவர். முன்னவரைப் பற்றிப் பேசவே ஒன்றுமில்லை. ஆனால் வயலில் அமைதியாக இறக்கிய அந்தக் கைத்திறனுக்கு முன்னே, சென்னைக்குத் திரும்பலாம் என்ற கணிப்பு ஒன்று இருக்கிறதே! வயலுக்குப் பதில் ஒரு சிற்றூர் எதிர்ப்பட்டிருந்தால், அந்தக் கணிப்பை நாம் எந்தச் சொல்லால் அழைத்திருப்போம்?

கனடா நாட்டில் 1983 ஜூலை 23 அன்று நடந்தது இன்னும் வியப்பானது. எரிபொருள் காட்டும் கருவி பழுதுபட்டிருந்த போயிங் 767 ஒன்றுக்கு எண்ணெயைக் கணக்கிட்டு ஊற்றினர். கிலோகிராமில் கணக்கிட வேண்டியதற்குப் பவுண்டுக்குரிய எண்ணைப் பயன்படுத்திவிட்டனர். வேண்டியதில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு விமானம் புறப்பட்டு, வழியில் இரு எஞ்சின்களும் நின்றன. கிம்லி என்னும் ஊரில் கைவிடப்பட்ட படைத்தளத்தில், கார்ப் பந்தயம் நடந்துகொண்டிருந்த பழைய ஓடுபாதையில், பருந்துபோல் மிதந்துவந்து இறக்கினார் கேப்டன் பாப் பியர்சன். 69 பேரில் ஒருவரும் சாகவில்லை. நிறுவனம் அவரைச் சில மாதங்கள் பதவியிறக்கம் செய்தது. 1985இல் உலக வான்பயண அமைப்பு அவரது திறனுக்குப் பட்டயம் வழங்கியது. இதனை முரண் என்று நகைத்தவர் உண்டு. எனக்கோ இதுவே நேர்மையான தீர்ப்பாகத் தோன்றுகிறது. பேரேடு எழுதிப் பிழைத்தோர் நிறைந்த மாட்டுங்காவில் இதனை விளக்கவும் வேண்டுமோ? பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம்; ஒன்றைக் காட்டி மற்றொன்றை அழிப்பதில்லை.

அறத்துப்பாலை 'ஊழ்' அதிகாரத்தோடு முடித்த வள்ளுவர், பொருட்பாலில் 'ஆள்வினையுடைமை' பாடியதை முரணென்பார் சிலர். அங்கேயே விடையும் இருக்கிறது. 'பொறி' இல்லாமை எவர்க்கும் பழியாகாது, அறியவேண்டியதை அறிந்து முயலாமையே பழி என்கிறார் அவர். பரிமேலழகர் அப்பொறியை விதி என்று கொண்டார். (இன்று எஞ்சினையும் நாம் பொறி என்றே சொல்கிறோம், அது தற்செயல்தான், ஆயினும் பொருந்துகிறது.) தகட்டின் உள்ளே ஒளிந்திருந்த விரிசலை 1976இன் விமானிகள் அறிந்திருக்க வழியில்லை. கொள்கலத்தில் எவ்வளவு எண்ணெய் உள்ளது என்பதோ அறியத்தக்கது, ஆகவே அறியவேண்டியது.

'மாண்டவர் வீட்டாரிடம் இந்த நுட்பத்தைச் சொல்வீரோ?' என்று ஒருவர் கேட்கலாம். சொல்லமாட்டேன். துயரத்துக்குப் பயனே எல்லாம். அதற்கு அவ்வுரிமை உண்டு. தீர்ப்புச் சொல்ல அமர்ந்தவர்க்கு அவ்வுரிமை இல்லை.

நாம் விமானிகளுக்கு மட்டுமா தீர்ப்புச் சொல்கிறோம்? திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்து தோல் பதனிட்டவரும், தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று மாட்டுங்காவில் அறை பிடித்துப் பின் செம்பூருக்குக் குடிபெயர்ந்தவரும் என, நம் குடும்பங்கள் அனைத்தும் இறங்குமிடம் அறியாமல் புறப்பட்டவையே. 1970களில் வந்த அண்ணன் தம்பி இருவரை எண்ணிப் பாருங்கள். அண்ணன் நன்கு ஆராய்ந்து, மாதச் சம்பளமும் வருங்கால வைப்புநிதியும் உள்ள பஞ்சாலையில் சேர்ந்தார். தம்பி எதையும் ஆராயவில்லை; நடைபாதையில் இட்லி விற்றார். 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஆலைகள் பல பின்னர் திறக்கவே இல்லை. அண்ணன் வெறுங்கையோடு ஊர் திரும்பினார். தம்பிக்குச் செம்பூரில் உணவகம் இருக்கிறது. சங்க விழாவில் பொன்னாடையும் போர்த்துகிறோம், அதில் தவறில்லை. அண்ணனைப் பற்றிப் பேச்சு வந்தால் உறவினர் சொல்வது, 'பிழைக்கத் தெரியாதவர்' என்பதே. அவர் வேலைக்குச் சேர்ந்த ஆண்டில் அதே உறவினர் தம்பியைப் பார்த்து அதைத்தான் சொன்னார்கள்.