எரிந்த கோவிலும் எரியாத கோவிலும்

ஹவாய்த் தீவுகளில் மாவுயி என்று ஒரு தீவு. அதன் மேற்குக் கரையில் லஹைனா என்ற ஊர். 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் தேதி அந்த ஊர் எரிந்தது. 100 பேருக்கு மேல் மாண்டார்கள். 2,200-க்கு மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன.

அந்தச் சாம்பலுக்கு நடுவே மரியா லானகிலா என்னும் கத்தோலிக்கக் கோவில் அதிகச் சேதமின்றி நின்றது. படத்தைப் பத்திரிகையில் பார்த்ததும் எனக்கு மெய் சிலிர்த்தது. நான் கிறிஸ்தவன் அல்லன், ஆனாலும் சிலிர்த்தது.

என் நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற ஆசிரியர், கிறிஸ்தவர். ஒரே மகனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர். அவருக்கு ஆறுதலாக இருக்குமே என்று படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"பார்த்தீர்களா, உங்கள் ஆண்டவர் காப்பாற்றியிருக்கிறார்!"

வெகுநேரம் பார்த்தார். பிறகு, "வேறு கோவில் ஒன்றும் எரியவில்லையா, ஐயா?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. எரிந்துதான் இருந்தது. அதே வீதியில் சற்றுத் தள்ளி வையோலா சபையின் தேவாலயம். 1823-இல் தோன்றிய சபை அது. 200-ஆம் ஆண்டு நிறைவு கண்ட அதே ஆண்டில் கோவில் சாம்பலாயிற்று. 1894-லும் 1947-லும் எரிந்து, மறுபடி எழுந்த கோவில்தான். வையோலா என்றால் ஜீவத் தண்ணீர் என்று பொருளாம்! அங்கே ஜெபித்தவர்கள் என்ன குறை வைத்தார்கள்? நான் ஆண்டவரைப் புகழ்ந்த வேகத்தில் அவர்களைக் குற்றவாளிகளாக்கி விட்டேனே!

நெருப்பு வந்த வழியோ சர்வ சாதாரணமானது. 2024-இல் வெளியான விசாரணை முடிவு சொல்கிறது: பெருங்காற்றில் மின்கம்பி அறுந்து காலையில் தீப்பிடித்தது. அணைந்துவிட்டதென்று எண்ணி வீரர்கள் போனார்கள். பிற்பகலில் அது மீண்டும் கனன்று எழுந்தது. கரும்பு விளைந்த நிலங்கள் தரிசாகி, காய்ந்த புல் மண்டிக் கிடந்தன. இதில் எந்த இடத்தில் தெய்வ கோபத்தைப் பொருத்துவது?

நண்பர் சீலோவாம் கோபுரக் கதையைச் சொன்னார். கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்டார். இல்லை என்று பதிலும் அவரே சொன்னார். லூக்கா சுவிசேஷத்தில் இருக்கிறது.

"என் பையன் போனபோது வந்தவர்களெல்லாம் காரணம் சொன்னார்கள், ஐயா. ஒருவர் மாத்திரம் ஒன்றும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் இரண்டு குடம் தண்ணீர் இறைத்து வைத்துவிட்டுப் போனார். அவரால்தான் நான் மறுபடி ஜெபம் பண்ணினேன்."

"காரணம் தெரியாமல் மனசு எப்படி அடங்கும்?" என்றேன்.

"அடங்கிவிட்டது என்று நான் எங்கே சொன்னேன்?"

இதை என்னால் முழுதும் ஒப்ப முடியவில்லை. விசுவாசம் என்றால் கேள்விக்கு விடை என்றே நான் எண்ணியிருந்தேன். ஆனால் யோபுவின் நண்பர்களை நினைத்துப் பாருங்கள். ஏழு நாள் தரையில் அவனோடு மௌனமாக உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை நல்லவர்கள். வாயைத் திறந்தார்கள், வந்தது வினை.

வீட்டை இழந்த லஹைனாக்காரி ஒருத்தி நிற்கும் கோவிலைப் பார்த்து அற்புதம் என்றால் அவளைத் திருத்த எனக்கு யோக்கியதை இல்லை. பற்றிக்கொள்ள அவளுக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். அதே சொல்லை, ஒன்றையுமே இழக்காத நான், நாற்காலியில் சாய்ந்தபடி சொன்னேனே, அதுதான் உறுத்துகிறது. நின்ற கோவிலுக்கும் ஜனங்கள் உடனே திரும்பிவிடவில்லை; ஊரே அடைபட்டிருந்ததால் இரு சபையாரும் வேறிடங்களில் கூடித் தொழுதார்கள்.

விடைபெறும்போது இன்னொரு செய்தி சொன்னேன். அந்த ஊரில் ஓர் ஆலமரம். மிஷனரிகள் வந்த 50-ஆம் ஆண்டு நினைவாக 1873-இல் நட்டது. இந்தியாவிலிருந்து போன கன்று. நெருப்பில் கருகிவிட்டது. வண்டி வண்டியாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். அடுத்த மாதமே சில கிளைகள் துளிர்த்தன.

"ஊற்றியது யார்?"

"மரத் தொழில் தெரிந்தவர்கள். வலிய வந்தவர்கள்."

நண்பர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தப் படம் இருக்கிறதா?" என்று கேட்டார்.