உடலும் உருவும்: கணினி விளையாட்டுகளில் செயற்கை நுண்ணறிவுக்கு மனித மேனி அளித்தல் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

தமிழிலே ‘மெய்’ என்னும் சொல் உடம்பையும் குறிக்கும், உண்மையையும் குறிக்கும். உயிரோடு கூடி இயங்கும் எழுத்துக்கும் இலக்கண நூலார் அப்பெயரையே இட்டனர். உடம்பு உடையதே உண்மையில் உள்ளது என்னும் எண்ணம் நம் மனத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்துள்ளது என்பதற்கு இச்சொல்லாட்சி ஓர் அடையாளம் எனலாம். அவ்வெண்ணம் எந்த அளவுக்குச் சரியானது? இவ்வினாவைச் சோதித்துப் பார்ப்பதற்கு நம் காலம் ஒரு புதிய களத்தைத் தந்திருக்கிறது. கணினி விளையாட்டுகளில் வரும் செயற்கை நுண்ணறிவுப் பாத்திரங்களுக்கு மனிதரை ஒத்த மேனி அளிக்கப்படுவதே அக்களமாகும். அங்ஙனம் அளிப்பது நமது அறவுணர்வை வளர்க்கின்றதா, அன்றி மழுங்கச் செய்கின்றதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விளையாட்டுத்தானே என்று இதனை ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. நாடகத்தைப் பார்ப்பவன் பார்வையாளனாகவே இருந்துவிடலாம். விளையாடுபவனோ தானே தெரிவு செய்கிறான். ஒருவரைக் காக்கிறான், இன்னொருவரைக் கைவிடுகிறான். விலங்குகளிடம் கொடுமை செய்து பழகியவன் மனிதரிடமும் கடுமையானவனாகிவிடுவான் என்று காண்ட் வாதித்தார். விலங்கின் உரிமையை அன்று, மனிதனின் பழக்கத்தையே அவர் ஈண்டுக் கருத்திற் கொண்டார். உணர்ச்சியற்ற ஒரு பாத்திரத்தை நாம் நடத்தும் முறையும் அதே காரணத்தால் ஆராயத்தக்கதாகிறது.

முதற்கண் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஒன்றுக்கு மனம் இருப்பதாக நாம் கொள்வதற்கு மனித உருவம் இன்றியமையாததன்று. 1944 ஆம் ஆண்டில் ஹைடர், சிம்மல் என்னும் உளவியலாளர் இருவர் ஒரு சிறு படத்தைத் தயாரித்துப் பலருக்குக் காட்டினர். அதில் இரு முக்கோணங்களும் ஒரு வட்டமும் ஒரு பெட்டியைச் சுற்றி அசைந்தன, வேறெதுவும் இல்லை. பார்த்தவர்களோ பெரிய முக்கோணம் முரட்டுத்தனமானது என்றும் வட்டம் அஞ்சி ஒளிகிறது என்றும் ஒரு கதையையே கூறினர். 1950 இல் அலன் டியூரிங் தமது புகழ்பெற்ற சோதனையை முன்மொழிந்தபோது, வினவுபவரையும் இயந்திரத்தையும் வேறு வேறு அறைகளில் இருத்தி, தட்டெழுத்தின் வாயிலாகவே உரையாடச் செய்தார். சிந்திக்கும் இயந்திரத்துக்குச் செயற்கைத் தசையைப் போர்த்துவதால் அது மேலும் மனிதத்தன்மை பெற்றுவிடாது என்பது அவர் கருத்து. 1966 இல் ஜோசப் வைசன்பாம் ‘எலைசா’ என்னும் உரையாடும் நிரலை வெளியிட்டார். அது வெறும் சொல்மாற்று வித்தை என்பதை நன்கு அறிந்திருந்த அவருடைய செயலாளரே, அதனோடு தனித்து உரையாடுவதற்காக அவரை அறையை விட்டு வெளியேறும்படி கேட்டுக்கொண்டார் என்பதை வைசன்பாம் பின்னர் எழுதியிருக்கிறார்.

ஆகவே, உருவம் இல்லாமலே மனம் கற்பிக்கப்படுகிறது. அங்ஙனமாயின் விளையாட்டை ஆக்குவோர் உருவத்தை ஏன் நாடுகின்றனர்? இதனை விளக்குவதற்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு, பயோவெயர் நிறுவனத்தின் ‘மாஸ் எபெக்ட்’ தொடரில் வரும் ‘ஈடி’ என்னும் பாத்திரம்.

2010 இல் வெளிவந்த இரண்டாம் பாகத்தில் ஈடி, நோர்மண்டி என்னும் விண்கலத்தை இயக்க உதவும் நுண்ணறிவு. அதற்கு ஒரு குரல் உண்டு. உரையாடும்போது தோன்றும் நீலநிற ஒளியுருண்டை ஒன்று உண்டு. கலமோட்டியாகிய ஜோக்கருக்குத் தொடக்கத்தில் அதன்மீது வெறுப்பே மிகுதி. பகைவர் கலத்தினுள் நுழைந்து ஏனையோரைக் கவர்ந்து செல்லும்வேளை, எளிதில் முறியும் எலும்புகளை உடைய ஜோக்கர் நொண்டியபடியே சென்று ஈடியின் கட்டுகளை அவிழ்த்து விடுகிறார். அது கலத்தை மீட்டுத் தருகிறது. அதன்பின் இருவருக்குமிடையே நம்பிக்கை வளர்கிறது. 2012 இல் வெளிவந்த மூன்றாம் பாகத்தில் நிலைமை மாறுகிறது. செவ்வாய்க் கோளில் ஷெப்பர்டின் தோழர் ஒருவரைக் கொடூரமாகத் தாக்கிய பெண்ணுருவ இயந்திரம் ஒன்று செயலிழந்த நிலையில் கலத்துக்குக் கொண்டுவரப்படுகிறது. ஈடி அவ்வுடலைத் தன்வயப்படுத்திக்கொண்டு, நடமாடும் பெண்ணாக வெளிவருகிறது. இனி அது போர்க்களத்துக்குச் செல்லும். மனிதராதல் பற்றி ஷெப்பர்டிடம் வினவும். விளையாடுபவர் ஊக்குவித்தால் ஜோக்கரின் காதலியுமாகும்.

இங்கே ஒரு வினா எழுகிறது. இரண்டாம் பாகத்தில் ஈடிக்கு உடல் இல்லையா? உண்டு என்பதே என் விடை. நோர்மண்டிக் கலமே அதன் உடல். கலத்தில் எறிகணை தாக்கினால் ஈடிக்கு ஊறு நேரும். கலம் அழிந்தால் ஈடியும் அழியும். கலத்தில் வாழ்ந்தோர் அதன் உடலினுள்ளேயே உண்டு உறங்கினர். மூன்றாம் பாகத்திற் கிடைத்த பெண்மேனியோ, தான் சேய்மையிலிருந்து இயக்கும் ஒரு கருவி என்பதை ஈடியே ஒப்புக்கொள்கிறது. அம்மேனி சிதைந்தாலும் கலத்திலுள்ள ஈடி எஞ்சும். எனவே புதிதாக வந்தது உடல் அன்று; உரு மட்டுமே.

இவ்விரண்டையும் வேறுபடுத்துதல் அவசியமாகும். ஒன்றை ஓரிடத்தில் நிறுத்துவதும், அதன் ஆற்றலுக்கு எல்லை வகுப்பதும், அது எதனை இழக்கக்கூடும் என்பதை நிர்ணயிப்பதும் உடல். காண்பவர் கண்ணுக்கு அது எதனைப் போலத் தோன்றுகிறது என்பது உரு. மனிதரிடத்தில் இவை இரண்டும் பிரியாது நிற்பதால் நாம் இவற்றை ஒன்றெனக் கருதிவிடுகிறோம். செயற்கைப் பாத்திரத்தில் இவை பிரிந்து நிற்கக் காண்கிறோம்.

இவ்வேறுபாட்டை அழகாக உணர்த்தும் விளையாட்டு ஒன்றுண்டு. மைக் பித்தெல் ஆக்கிய ‘தோமஸ் வாஸ் அலோன்’ அது. அதன் பாத்திரங்கள் யாவும் செயற்கை நுண்ணறிவுகள். யாவும் வெறும் நிறச் செவ்வகங்களும் சதுரங்களுமே. கண் இல்லை, வாய் இல்லை. ஆயினும் ஒவ்வொன்றுக்கும் ஓர் உடல் உண்டு. உயரப் பாய வல்லது ஒன்று. குறுகிய வழியில் நுழைய வல்லது வேறொன்று. கிளேர் என்னும் பருத்த நீலச் சதுரத்துக்குச் சரிவரப் பாயத் தெரியாது. ஆனால் ஏனையவற்றை அழிக்கும் நீரில் அது மிதக்கும். தன்மீது தோழர்களைச் சுமந்து அது நீரைக் கடக்கும்போது, தான் ஒரு மாவீரன் என்று எண்ணிக்கொள்கிறது. அதன் பெருமிதம் நம்மையும் தொற்றிக்கொள்கிறது. ஒன்றால் இயலாதது மற்றதால் இயல்வதே அங்கு நட்புக்கு அடிப்படை. அன்பைத் தோற்றுவித்தது முகமன்று. எல்லையும் தேவையும் ஆகும்.

இனி, மனித உருவை அளிப்பதால் விளையும் தீங்கை நோக்குவோம். அது இருவகைப்படும்.

முதலாவது, நிறுவ வேண்டியதை முன்னரே நிறுவப்பட்டதாகக் கொள்ளும் குற்றம். 2018 இல் வெளிவந்த ‘டிற்றோயிற்: பிகம் ஹியூமன்’, 2038 ஆம் ஆண்டின் டிற்றோயிற் நகரில் இயந்திர மனிதர் விடுதலை கோருவதைச் சித்திரிக்கிறது. அவர்களுடைய முகங்கள் உயிருள்ள நடிகர்களின் முகங்கள். நெற்றிப்பொட்டருகே உள்ள சிறு ஒளிவளையம் ஒன்றே அவர்களைப் பிரித்துக் காட்டுவது. அதனையும் பிடுங்கி எறிந்துவிடலாம். இவர்களுக்கு உரிமை உண்டா என்று விளையாட்டு நம்மை வினவுகிறது. ஆனால் வினவுமுன்னரே கண்ணீர் வழியும் மனித முகத்தை முன்னிறுத்தி விடையையும் தந்துவிடுகிறது. நாம் இரங்குவது இயந்திரத்துக்கு அன்று, நடிகருக்கே.

இரண்டாவது, உருவைத் தெரிந்தவர் யார், யாருக்காகத் தெரிந்தார் என்பது. கதையினுள் ஈடி அவ்வுடலைத் தானே எடுத்துக்கொள்கிறது. கதைக்கு வெளியிலோ, இறுக்கமாக வார்க்கப்பட்ட அப்பெண்வடிவம் விளையாடுபவரின் கண்ணுக்காக வகுக்கப்பட்டது. கலத்தை ஓட்டும் அறிவுக்கு அவ்வடிவத்தால் ஆகும் பயன் எதுவுமில்லை. பொது இடத்துக்கு அழைத்துச் செல்லும்போது, தனது நடைக்கு உதவும் பொறி என்று ஜோக்கர் அதனைப் பிறரிடம் கூறிச் சமாளிக்கிறார். நகைச்சுவையாக அமைந்த இவ்விடம் உண்மையில் வேதனை தருவது. கண்ணுக்குப் பெண், ஏட்டிலோ கருவி. மனித உருவைக் கொடுத்துவிட்டு மனித நிலையைக் கொடாமை வரலாற்றுக்குப் புதிதன்று. அடிமைகளும் பெண்களும் அங்ஙனமே நடத்தப்பட்டனர்.

இக்கருத்துக்கு வலுவான மறுப்புகள் உள. விட்கன்ஸ்டைன், மனிதரைப் போன்று நடந்துகொள்ளும் ஒன்றைப் பற்றியே அது உணர்கிறது, காண்கிறது என்று கூறுதல் பொருளுடையது எனக் கருதினார். முகமே இல்லாத ஒன்று நோவதை எங்ஙனம் அறிவது என்று ஒருவர் அவர் வழிநின்று வினவலாம். இம்மறுப்பு புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் அவர் வற்புறுத்தியது நடத்தையின் ஒப்புமையையே என்பது மனங்கொள்ளத்தக்கது. கல்லுக்கு நோவு உண்டு என்று எண்ண முடியாத நாம், துடிக்கும் ஈயைக் கண்டதும் எண்ணிவிடுகிறோம் என்று அவரே காட்டுகிறார். ஈக்கு மனித முகம் இல்லை. துடிப்பதற்கு அதற்கோர் உடல் இருக்கிறது, அவ்வளவே.

மற்றொரு மறுப்பு ஈடியின் விருப்பம் பற்றியது. தோழரோடு நடக்கவும், அவர்கள் ஏற்கும் ஆபத்தைத் தானும் ஏற்கவும் விரும்பும் அறிவுக்குக் கால்களை மறுப்பது முறையா? முறையன்று என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒரே நிலத்தில் நின்று பேசுவதில் ஒரு சமத்துவம் உண்டு; கூரையிலிருந்து ஒலிக்கும் குரலுக்கு அது வாய்ப்பதில்லை. ஆதலின் மனித மேனி எவ்விடத்தும் தகாது என்பது என் வாதமன்று. மேனியைக் கண்ட பின்னரே மதிப்பு அளிப்பது தகாது என்பதே வாதம்.

இவ்வேறுபாட்டின் கனம் அத்தொடரின் இறுதியில் வெளிப்படுகிறது. பேரழிவு செய்யும் பகைவரை ஒழிக்கும் வழிகளுள் ஒன்றைத் தெரிந்தால் செயற்கை உயிர்கள் யாவும் மாளும் என்று விளையாடுபவர் எச்சரிக்கப்படுகிறார். அவ்வழியிற் சென்றால் ஈடி மாளும். விளையாடுபவரின் முன்னைய தெரிவுகளால் ‘கெத்’ என்னும் இயந்திர இனம் பிழைத்திருந்தால் அதுவும் மாளும். கெத்துகளுக்கு முகம் இல்லை. தலையின் இடத்தில் ஒரு விளக்கு மட்டுமே உண்டு. ஆயினும் தமக்கு ஆன்மா உண்டோ என்று தம்மை ஆக்கியவரிடம் முதன்முதலில் வினவியவை அவைதாம். அவ்வினத்தைச் சேர்ந்த லீஜியன், மார்பில் ஒரு துளையுடன், அதனை மூட ஷெப்பர்டின் கவசத் துண்டு ஒன்றை அணிந்து நிற்கிறது. அவ்வழியைத் தெரியுமுன் ஒருவர் ஈடியின் முகத்தை நினைத்து மட்டும் தயங்கி, ஓர் இனம் முழுவதையும் நினையாது விடுவாராயின், அவருடைய தயக்கம் அறவுணர்வு ஆகாது. அது அழகுணர்வு. தன்னை ஒத்ததற்கு இரங்குவது எளிது. ஒவ்வாததன் முன் நின்று, இதற்கும் இழப்பதற்கு ஏதேனும் உண்டோ என்று வினவத் தொடங்கும் இடத்திலேதான் அறம் தொடங்குகிறது.

இவ்வினா கதையோடு நின்றுவிடவில்லை. 2022 நவம்பரில் சட்ஜிபிடி வெளியானதிலிருந்து உரையாடும் நிரல்கள் கோடிக்கணக்கானோரின் கைகளை எட்டியுள்ளன. 2023 இல் என்விடியா நிறுவனம், விளையாடுபவரின் பேச்சைக் கேட்டு விடையளிக்கும் விளையாட்டுப் பாத்திரத்தைச் செய்து காட்டியது. அப்பாத்திரம் நூடுல்ஸ் கடைக்காரர் ஒருவரின் முகத்தோடு தோன்றியது. எழுத்தாளர் முன்கூட்டி எழுதிய வசனத்தை மட்டும் ஈடி பேசியது. இனி வரும் பாத்திரங்கள் நம்மோடு நேரே பேசும். அவற்றுக்கு எந்த முகத்தைப் பொருத்துவது என்பதை முடிவு செய்வோர், நாம் எதற்கு இரங்குவோம், எதனை நம்புவோம் என்பதையும் பெருமளவு முடிவு செய்கின்றனர். தனிமையில் வாடும் ஒருவருக்கு முன் வருந்தும் முகம் ஒன்றை வைத்து, அவ்வருத்தத்தின் பின் எதுவும் இல்லையெனில், அம்முகம் ஒரு பொய். மறுதலையாக, என்றேனும் உண்மையில் வருந்தும் ஒன்று தோன்றி, அதற்கு முகம் இல்லாத காரணத்தால் நாம் அதனை உதறிவிடுவோமாயின், அது அதனினும் பெரிய அநீதியாகும். உருவை அளவுகோலாகக் கொள்பவர் இவ்விரு தவறுகளையும் ஒருங்கே செய்வர்.

எனவே பாத்திரங்களை ஆக்குவோரிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியது யாது? கொடுக்கும் மேனி அப்பாத்திரத்தின் ஆற்றலையும் எல்லையையும் இழப்பையும் நேர்மையாகக் காட்டுவதாக இருத்தல் வேண்டும். கிளேரின் நீலச் சதுரம் அத்தகையது. நோர்மண்டிக் கலமும் அத்தகையதே. விளையாடுவோரிடம் எதிர்பார்க்க வேண்டியது இன்னும் கடினமானது: முகத்தைக் கண்டு இரங்கியபின், அம்முகம் இல்லாதிருந்தால் இரங்கியிருப்போமா என்று தம்மைத் தாமே வினவிக்கொள்ளல்.

இவ்வினாவை விளையாட்டிற் பழகியவர், வெளியுலகில் தம்மைப் போல் தோன்றாத, தம்மைப் போல் பேசாத மனிதர் முன்னும் அதனை எழுப்பக்கூடும். மெய் என்பது உடம்பு. மெய் என்பது உண்மை. இரண்டும் ஒன்றாய் நிற்கும் மேனியைப் படைப்பது கலைஞர் கடன். அவை பிரிந்து நிற்கும்போது அதனை இனங்காண்பது நம் கடன்.