விரலில் தெரிவது காட்சியா, கருதலா?

விரலில் மாட்டும் ஒக்சிமீட்டரில் 94 வீதம் என்று வந்தால், நோயாளியின் குருதியில் எவ்வளவு ஒட்சிசன் இருக்கிறது என்பதைக் கண்ணாலேயே கண்டுவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் கருவி குருதியைத் தொடுவதே இல்லை. 660 நனோமீற்றர் சிவப்பு ஒளியையும் 940 நனோமீற்றர் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் செலுத்தி, ஒவ்வொரு துடிப்பிலும் அவை எவ்வளவு உறிஞ்சப்படுகின்றன என்ற விகிதத்தைப் பார்க்கிறது. 1970களில் ஜப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அஒயாகி கண்ட வழி அது. அந்த விகிதத்துக்கு எந்த ஒட்சிசன் வீதம் பொருந்தும் என்பதைச் சொல்வது கருவிக்குள் முன்பே பதித்துவைத்த அட்டவணை. உடல்நலமுள்ள தன்னார்வலர்களை ஒட்சிசன் குறைந்த காற்றைச் சுவாசிக்கவைத்து, அவர்களது நாடிக்குருதியைச் சோதித்து, அதைத் தயாரிக்கிறார்கள். ஆகவே திரையில் தெரியும் 94, வேறு சிலரின் உடலில் கண்டதை வைத்து இந்த உடலைப் பற்றிச் செய்த ஊகம்.

கண்டதற்கும் ஊகித்ததற்கும் உள்ள இந்த வேறுபாடு பழையது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலில், எதைக்கொண்டு ஒன்றை அறிகிறோம் என்ற கேள்வியை விரிவாக ஆராய்கிறார். காண்டல் என்னும் நேர்க்காட்சி, கருதல் என்னும் ஊகம், உரை ஆகிய மூன்று அளவைகளுக்குள் மற்றவை எல்லாம் அடங்கும் என்பது சைவ சித்தாந்தத்தின் முடிபு. புகையைக் கண்டு நெருப்பை அறிவது கருதல். புகைக்கும் நெருப்புக்கும் உள்ள தொடர்பு எங்கும் பிறழாதது என்று உறுதிப்பட்டால்தான் அது நிற்கும். ஒக்சிமீட்டர் செய்வதும் கருதலே. வியப்பு என்னவென்றால், காண்டலின் நான்கு வகைகளுள் தன்வேதனைக் காட்சி என்று ஒன்றையும் நூல் சேர்த்திருப்பது. தனக்கு நேரும் இன்ப துன்பத்தைத் தானே நேராக அறிவது அது. அப்படியானால் "மூச்சு முட்டுது" என்று ஒரு நோயாளி சொல்லும்போது அவர் தாம் கண்டதைச் சொல்கிறார். கருவியோ கருதியதைச் சொல்கிறது. நம் வார்டுகளில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது. எண் கண்கூடு, நோயாளியின் சொல் வெறும் முறைப்பாடு என்று கொள்கிறோம். இந்த மாற்றம் அறிவுப் பிழை மட்டுமல்ல, அறப் பிழையும்கூட என்பதே என் வாதம்.

2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசினில் வந்த அமெரிக்க ஆய்வு, கருவியின் கருதல் பிறழக்கூடும் என்பதற்குச் சான்று. கருவி 92 முதல் 96 வரை காட்டிய அளவீடுகளை அதே நேரத்து நாடிக்குருதிப் பரிசோதனையோடு ஒப்பிட்டபோது, கறுப்பின நோயாளிகளின் அளவீடுகளில் 11.7 வீதமானவற்றில் உண்மை அளவு 88க்கும் கீழே இருந்தது. வெள்ளையரில் அது 3.6 வீதம். தோலின் நிறமியும் ஒளியை உறிஞ்சும் என்பதை அட்டவணை போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை. சுவாசக் கருவியில் இருந்த நோயாளிகளிடம் இந்த வேறுபாடு 1990இலேயே பதிவாகியிருந்தும், முப்பது ஆண்டுகள் அது போதிய கவனம் பெறவில்லை. கறுப்பினத்தவர் கதை நமக்கெதற்கு என்று கேட்கலாம். ஒளிக்கு இனம் தெரியாது, நிறமிதான் தெரியும். இலங்கை மலையகத்தின் வட்டவளைத் தேயிலை மலையில் வெயிலிலும் மழையிலும் கொழுந்து பறிக்கும் கை, அட்டவணை தயாரித்தவர்கள் சோதித்த கைகளுள் இருந்ததா என்பதே கேள்வி. இன்னொன்றும் உண்டு. தோட்டங்களில் குளவி கொட்டி வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்படுவோருள் சிலருக்கு அதிர்ச்சி நிலை ஏற்பட்டு இரத்த அழுத்தம் சரிகிறது. விரல் நுனிக்குக் குருதி வருவது குறைந்து, மழையில் நனைந்த கை சில்லிட்டிருக்க, கருவிக்குத் துடிப்பே சரியாக அகப்படாது. உடல்நலமுள்ளவர்களிடம் நிறுவிய தொடர்பு, உயிருக்குப் போராடும் உடலிலும் பிறழாதிருக்கும் என்பதற்கு என்ன உறுதி?

எதிர்வாதங்கள் வலுவானவை. கொவிட் காலத்தில் பலர் ஒட்சிசன் ஆபத்தான அளவுக்கு விழுந்த பிறகும் மூச்சுத்திணறல் தெரியாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். தன்வேதனைக் காட்சி அவர்களைக் காப்பாற்றவில்லை, கருவிதான் காப்பாற்றியது. இதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். தன்வேதனை உணரப்படும் இன்ப துன்பத்தைத்தான் அறிவிக்கும், துன்பம் உணரப்படாத இடத்தில் அதற்குப் பேச ஒன்றுமில்லை. ஆனால் எண் நன்றாக இருக்கும்போது நோயாளி திணறினால் அந்தத் திணறலைத் தள்ளிவிட, இந்த வாதம் உரிமை தராது. மயக்க மருந்தில், சுவாசக் குழாயோடு கிடப்பவரிடம் கேட்கச் சொல்லே இல்லையே என்பது அடுத்த வாதம். அங்கே கடமை இன்னும் கூடுகிறது. தம்மைப் பற்றிச் சாட்சி சொல்ல முடியாதவருக்கு, ஊகத்தோடு நின்றுவிடாமல் நாடிக்குருதியை எடுத்துப் பார்த்தாக வேண்டும். அந்த வசதி இல்லாத சிறிய வைத்தியசாலையில் குறையுள்ள கருவியாவது இருக்கட்டுமே என்பார்கள். இருக்கட்டும், அதை எடுத்துவிடச் சொல்வது கொடுமை. ஒரேயொரு எண்ணை எல்லைக்கோடாக்காமல், மணிக்கு மணி அது எப்படிப் போகிறது என்று பார்ப்பதும், ஐயம் வந்தால் டிக்கோயா போன்ற ஆதார வைத்தியசாலைக்கு நேரத்தோடு அனுப்புவதும் காசில்லாமல் செய்யக்கூடியவை.

எண்ணைத் தீர்மானிப்பது யார் என்ற வழக்கு மலையக மக்களுக்குப் புதியதல்ல. கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று கழிக்கும் கிலோவை யார், எதை வைத்துத் தீர்மானித்தார்கள் என்று அவர்கள் நீண்ட காலமாகக் கேட்டுவருகிறார்கள். அதே கேள்வியை இங்கும் கேட்கலாம். 2013இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒக்சிமீட்டர் தயாரிப்பாளர்களிடம் கேட்டது குறைந்தது 10 பேரிடம் சோதனை. அவர்களுள் கருந்தோல் உடையோர் இருவர், அல்லது 15 வீதம், எது அதிகமோ அது. 2025 ஜனவரியில் வெளியிட்ட வரைவில் அது 150 பேராக உயர்ந்தது. நம் வைத்தியசாலைகளுக்குக் கருவி வாங்கும்போது, எத்தனை பேரிடம், எந்தெந்த நிறத் தோலில், எந்த அளவு ஒட்சிசன் வரை இதைச் சோதித்தீர்கள் என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும்.