தடைக்காலச் சீட்டுக் கச்சேரி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், எங்கள் கரையில் விசைப்படகு கடலுக்குப் போகாது. நாகப்பட்டினத்தில் படகுகளைக் கட்டிப் போட்டுவிட்டு, வேளாங்கண்ணியில் இருந்து அங்கே தொழிலுக்குப் போகிறவர்கள் வலை சீர்பார்ப்பதும் பெயின்ட் அடிப்பதுமாகப் பொழுதை ஓட்டுவார்கள். ஆகஸ்ட் 29-இல் மாதா கோயில் கொடி ஏறிவிட்டால் லாட்ஜ்காரருக்கும் மெழுகுவர்த்திக் கடைக்காரருக்கும் செப்டம்பர் 8 வரை மூச்சுவிட நேரமிருக்காது. அதனால் நண்பர்கள் எட்டுப் பேர் ஒன்றாக உட்காரத் தோதான காலம் இந்தத் தடைக்காலம்தான். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஊர் திரும்பியதும், திங்கள் இரவு எங்கள் வீட்டு மாடியில் சீட்டுக் கச்சேரி நடக்கும்.

முன்பெல்லாம் ரம்மி. இப்போது போக்கர். பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் விடுமுறையில் வந்து கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். ஆட்டம் எதுவானாலும் என் மனதில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: தோற்றவரும் மறுநாள் டீக்கடையில் அதே முகத்தோடு பக்கத்தில் வந்து உட்கார வேண்டும், அதற்கு என்ன செய்வது?

முதலில் பணத்தைப் பார்ப்போம். தடைக்காலத்தில் மீனவக் குடும்பத்துக்கு அரசு தரும் நிவாரணம் 8,000 ரூபாய். இரண்டு மாதத்துக்கு அவ்வளவுதான். அந்த மீனவர் மேசையில் இருக்கும்போது, லாட்ஜ் வைத்திருப்பவர் "ஆளுக்கு ஐந்நூறு போடுவோம்" என்றால், அவர் மறுக்கமாட்டார், மறுக்க வெட்கப்படுவார். போட்டுவிட்டு வயிற்றெரிச்சலோடு ஆடுவார். கையிருப்பு குறைந்தவர் தோற்றாலும் உறைக்காத தொகைதான் அந்த மேசையின் தொகை. அவரிடம் கேட்டு அதை முடிவு செய்யக்கூடாது. வீட்டுக்காரர் தானே கணித்து முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் மாடியில் ஐம்பது ரூபாய். அதுவும் யார் பைக்கும் போகாது. மொத்தமும் இரவுச் சாப்பாட்டுக்கு. ஜெயித்தவர் அடுத்த வாரம் என்ன சமைப்பது என்று சொல்லலாம். அந்த அதிகாரத்துக்காக எங்கள் ஆட்கள் போடும் சண்டையைப் பார்த்தால் பரிசுப் பணம் எதற்கு என்று தோன்றும்.

காசில்லாமல் போக்கரா, நல்ல சீட்டு இருப்பதுபோல் பிளஃப் பண்ணினால் யார் பயப்படுவார்கள் என்று அந்தத் தம்பி கேட்டார். கேள்வி சரிதான். ஆனால் டோர்னமென்ட் என்று வைத்துவிட்டால் பயம் தானாக வந்துவிடுகிறது. எல்லோருக்கும் பந்தயம் வைக்க ஒரே அளவு சிப்ஸ் வில்லைகள், தீர்ந்தால் எழுந்துவிட வேண்டும், மறுபடி வாங்க முடியாது. எங்களுக்குச் சிப்ஸ் கிடையாது, கடற்கரைக் கடைகளில் வாங்கிய சோழிகள்தான். சின்னச் சோழி ஒன்று, பெரிய சோழி ஐந்து. ஆளுக்குச் சின்னது 20, பெரியது 16, ஆக நூறு. பத்துச் சோழி மட்டும் மிஞ்சியிருப்பவர் சீட்டை விரல் நுனியால் லேசாகத் தூக்கிப் பார்க்கும் பதற்றம், ஆயிரம் ரூபாய் வைத்து ஆடுகிறவரின் பதற்றத்துக்குக் குறைந்ததில்லை.

நான் வெகுநாள் யோசித்தது நேரத்தைப் பற்றி. ஒவ்வொரு ஆட்டத்திலும் இருவர் முறைவைத்துக் கட்டாயமாக வைக்க வேண்டிய பிளைண்ட் தொகை இத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை ஏறிக்கொண்டே போகும். மெதுவாக ஏற்றினால் திறமைக்கு இடம் கிடைக்கும், ஆட்டம் நியாயமாக இருக்கும். ஆனால் முதலில் வெளியேறியவர் நள்ளிரவு வரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். வேகமாக ஏற்றினால் அதிர்ஷ்டம்தான் ஆடும், ஆனால் யாரும் காத்துக் கிடக்க வேண்டாம். நியாயமும் நட்பும் இங்கே கொஞ்சம் மோதுகின்றன. நான் நட்பின் பக்கம். ஒன்று, இரண்டில் தொடங்கி இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாக்குகிறோம். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். வெளியேறியவர்களுக்குப் பக்கத்திலேயே கேரம் போர்டு. மூன்றாவது ஆள் வெளியேறியதும் அங்கே சத்தம் கூடிவிடும், சில நாள் போக்கர் மேசையை விட அதிகமாக.

நியாயம் என்றால் ஏமாற்றாமல் இருப்பது மட்டும் என்று நினைத்துவிடுகிறோம். புதிதாக வந்தவர், "அண்ணே, ஃப்ளஷ் பெரிசா, ஸ்ட்ரெய்ட் பெரிசா?" என்று கேட்ட அந்த நொடியே அவர் கையில் என்ன இருக்கிறது என்று மேசை முழுக்கத் தெரிந்துவிடும். பதில் தெரிவதற்குள் ஆட்டம் போய்விடும். அதனால் எந்தக் கை எதை வெல்லும் என்று தமிழில் எழுதி ஆளுக்கொரு தாள் கொடுத்துவிடுகிறேன். காரணமும் அதிலேயே இருக்கும்: 52 சீட்டில் ஐந்து சீட்டுக் கைகள் மொத்தம் 25,98,960, அதில் வரிசையாக வரும் ஸ்ட்ரெய்ட் 10,200, ஒரே சின்னத்தில் வரும் ஃப்ளஷ் 5,108. அரிதானது பெரிது. சீட்டுக் கலைப்பதிலும் இதே அக்கறை வேண்டும். நம் ஊர்ப் பழக்கப்படி கையில் பிடித்து நாலு தடவை மேலும் கீழும் மாற்றிப் போட்டால் சீட்டு கலைவதே இல்லை. கட்டை இரண்டாகப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று சரியவிடும் முறையில் ஏழு தடவையாவது கலைக்க வேண்டும் என்று 1992-இல் பேயர், டயகோனிஸ் என்ற இரண்டு கணிதவியலாளர்கள் நிறுவினார்கள். ஏழு தடவைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

வீட்டுக்காரர் ஆட்டத்தில் லாபம் பார்க்கக் கூடாது என்பதில் எனக்குச் சமரசமே கிடையாது. 1967-இல் ஆந்திர அரசுக்கும் சத்தியநாராயணாவுக்கும் நடந்த வழக்கில், ரம்மி பெரும்பாலும் திறமையின் ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது பலருக்கும் தெரியும். இடம் கொடுத்தவர் ஆட்டத்தில் இருந்து ஆதாயம் எடுத்தால் அது குற்றமாகலாம் என்று அதே தீர்ப்பு சொன்னதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. செல்போன் ரம்மியில் நடந்தது அந்த ஆதாயம்தான். யார் ஜெயித்தாலும் நடத்துகிறவருக்குப் பங்கு போனது. தோற்றவர் முகத்தைப் பார்க்க எதிரே ஆள் இல்லை. தமிழ்நாட்டில் எத்தனை குடும்பம் அதில் அழிந்தது என்று நாம் பார்த்தோம். 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடைசெய்தபோது எனக்கு நிம்மதிதான். சூதில் கிடைக்கும் வெற்றியைத் தூண்டில் முள்ளை விழுங்கிய மீனோடு வள்ளுவர் ஒப்பிட்டார். எங்கள் கரையில் அதற்கு உரை எழுதத் தேவையில்லை.

மாடியில் எதிரே ஆள் இருக்கிறார். "மாப்ளே, போதும், எந்திரி, கேரம் ஆடுவோம்" என்று சொல்ல வாய் இருக்கிறது. அதற்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

உங்கள் வீட்டிலும் சீட்டுக் கட்டைப் பிரிக்கப் போகிறீர்களென்றால், தொகையைச் சொல்வதற்கு முன் வட்டத்தை ஒருமுறை கண்ணால் சுற்றிப் பாருங்கள். அந்த மாதம் யாருக்குச் சம்பளம் வரவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவருக்கு ஏற்ற தொகையைச் சொல்லுங்கள்.