பிள்ளைகளுக்கு எந்த விளையாட்டு?

அல்ஹம்து லில்லாஹ். எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



கோடை விடுமுறை தொடங்கிவிட்டது. கிரிக்கெட், கராத்தே, நீச்சல், ஸ்கேட்டிங் என்று ஊரெங்கும் பயிற்சி முகாம் நோட்டீஸ்கள். "ஹஜ்ரத், பையனை எதில் சேர்க்கலாம்?" என்று சிலர் கேட்கிறார்கள். "விளையாட்டு நேர விரயம்தானே, ஓத அனுப்பினால் போதாதா?" என்று வேறு சிலர் கேட்கிறார்கள். இரண்டு கேள்விக்கும் நபி (ஸல்) அவர்களின் வாழ்விலேயே பதில் இருக்கிறது.

விளையாட்டு வீணா?

பலமான முஃமின் பலவீனமான முஃமினை விட அல்லாஹ்வுக்கு விருப்பமானவர், இருவரிடமும் நன்மை உண்டு என்று நபியவர்கள் கற்றுத் தந்தார்கள் (முஸ்லிம்). அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் அவர்களே ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். முதல் முறை அன்னையார் ஜெயித்தார்கள், பிறகொரு முறை நபியவர்கள் ஜெயித்தார்கள் (அபூதாவூத்). பெருநாளன்று பள்ளிவாசலில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாடியபோது, அன்னையாருக்குத் தானாகவே சலிக்கும் வரை நின்று காட்டினார்கள். இதை அறிவிக்கும் அன்னையார், இளம் வயதுப் பெண்ணுக்கு விளையாட்டின் மீதுள்ள ஆசையை நீங்கள் எண்ணிப் பாருங்கள் என்று நமக்கே சொல்கிறார்கள் (புகாரி). ஆகவே நம் பெண் பிள்ளைகளுக்கும் இதில் பங்கு உண்டு. உடை, இடம், பயிற்சி தருபவர் ஆகியவற்றைப் பார்த்து ஏற்பாடு செய்வது நம் பொறுப்பு. அந்தச் சிரமத்துக்குப் பயந்து அவர்களை வீட்டுக்குள் முடக்குவது நியாயமல்ல.

இரண்டு குதிரை, இரண்டு தூரம்

மதீனாவில் நபியவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். நன்கு பயிற்றுவிக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை, அதாவது 5 அல்லது 6 மைல். பயிற்சி பெறாத குதிரைகளுக்கு ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை, 1 மைல் மட்டுமே (புகாரி). போட்டி இரண்டு வகைக்கும் உண்டு, ஆனால் தூரம் ஒன்றல்ல. வாயில்லா ஜீவனின் சக்தியை அளந்து பந்தயம் வைத்த நபியின் உம்மத் நாம். நம் பிள்ளைகளின் சக்தியை நாம் அளந்து பார்த்தோமா?

என் தவறையே சொல்கிறேன். மதரஸா விடுதியில் ஓதிய காலத்தில் கிரிக்கெட் மட்டையைப் பிடிக்க எனக்கு அவ்வளவு ஆசை. அந்த ஆசையில், எட்டு வயது மகனை ஒரு முகாமில் சேர்த்துவிட்டேன். ஒரு வாரம் கழித்துத் தினமும் காலையில் வயிற்று வலி என்றான். சாக்குச் சொல்கிறான் என்று திட்டி அனுப்பினேன். ஒருநாள் நேரில் போய்ப் பார்த்தேன். பதிமூன்று வயதுப் பையன்கள் வீசும் கனமான பந்துக்கு முன்னால், கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றிருந்தான் என் பிள்ளை. ஆறு மைல் ஓட்டத்தில் என் குதிரையை நான்தான் நிறுத்தியிருந்தேன். அன்றே கூட்டி வந்துவிட்டேன். இப்போது அஸருக்குப் பிறகு தெருப் பிள்ளைகளோடு ஓடிப் பிடித்து விளையாடுகிறான். வயிற்று வலி இல்லை, மஃரிபுக்கு நான் போய் அழைக்க வேண்டியிருக்கிறது.

எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

முதலில் வயது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு நாள் முழுவதுமாகச் சேர்த்து 180 நிமிடமாவது உடல் அசைவு வேண்டும் என்றும், ஐந்து வயதுக்கு மேல் தினமும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடியாட வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஓடுவது, தாண்டுவது, பந்து எறிந்து பிடிப்பது, நொண்டி, பாண்டி எல்லாமே இதில் சேரும். கையிலிருக்கும் செல்போனை வாங்கி வைத்துவிட்டு வாசலுக்கு அனுப்பினாலே பாதி வேலை முடிந்தது.

இரண்டாவது, நீச்சல். வீண் என்று கருதப்படாத நான்கு காரியங்களில் ஒன்றாக நீச்சல் கற்பதை நபியவர்கள் சொன்னார்கள் (நஸாயீ). ஆறும் குளமும் கிணறும் உள்ள ஊர்களில், ஒவ்வொரு கோடையிலும் தண்ணீரில் போன பிள்ளைகளின் ஜனாஸாவுக்கு நாம் நிற்கிறோம். நீந்தத் தெரிந்த பெரியவர் பக்கத்தில் நின்று கற்றுக் கொடுங்கள். கற்ற பிறகும் தனியாக விடாதீர்கள்.

மூன்றாவது, தொழுகை. முகாமில் சேர்க்கும் முன் நேர அட்டவணையைக் கேளுங்கள். பாங்கு சொன்னால் அனுப்புவார்களா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

நான்காவது, பணம். நம் பையன்கள் ஆளுக்கு ஐம்பது ரூபாய் போட்டு, ஜெயித்த அணி மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளும் 'பெட் மேட்ச்' ஆடுகிறார்கள். அது சூதாட்டம். விளையாடுபவர்களின் பணமில்லாமல், வேறொருவர் தரும் பரிசு தவறல்ல. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளிடம் பொறுமையாகப் பேசுங்கள்.

தோற்றுவிட்டு வரும் பிள்ளை

நபியவர்களின் அள்பா என்ற ஒட்டகத்தை எதுவும் முந்தியதில்லை. ஒருநாள் ஒரு கிராமவாசியின் ஒட்டகம் முந்திவிட்டது. ஸஹாபாக்களுக்கு மனம் தாங்கவில்லை. நபியவர்களோ, உலகில் உயர்ந்த எதையும் ஒருநாள் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்று அமைதியாகச் சொன்னார்கள் (புகாரி). நம் பிள்ளை தோற்று வரும்போது, "அடுத்த வீட்டுப் பையன் ஜெயித்தானே" என்று கேட்காதீர்கள். "விளையாட்டு எப்படி இருந்தது, காயம் ஏதும் இல்லையே?" என்று கேளுங்கள். ஜெயித்தவனுக்கு ஸலாம் சொல்லிவிட்டு வந்தாயா என்றும் கேளுங்கள்.

இன்று வீட்டுக்குப் போய், "உனக்கு என்ன விளையாடப் பிடிக்கும்?" என்று பிள்ளையிடம் கேட்டு, பதிலை முழுதாகக் கேளுங்கள். முடிந்தால் அரை மணி நேரம் நீங்களும் கூட ஓடுங்கள். அது சுன்னத்தான ஓட்டம்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஆரோக்கியமான உடலையும், ஸாலிஹான உள்ளத்தையும் தந்து, அந்த அமானிதத்தைச் சரியாகப் பேண நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.