எட்டாம் கற்பனையும் ஒரு தட்டெழுத்துப் பொறியும்



பொய்ச்சாட்சி சொல்லலாகாது என்ற எட்டாம் கற்பனையை நாம் எல்லோரும் சிறு வயதிலேயே மனனம் செய்தோம். பொய் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது நிறைவேறிவிட்டது என்பது நம்மிற் பலருடைய எண்ணம். உண்மையை மூடிவைத்த இடத்தில் அதைத் தேடி எடுத்துச் சொல்வதும் அக்கற்பனைக்குள் அடங்கும் என்று லித்துவேனியக் கத்தோலிக்கர் விளங்கிக்கொண்டனர்.

பால்டிக் கடலோரத்துச் சிறிய நாடு அது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் சோவியத் ஒன்றியம் அதைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. அச்சேறும் எதுவும் அரச தணிக்கையைத் தாண்டியே வர வேண்டும். 1971ல் யுவோசஸ் ஸ்தெப்ஸ்கிஸ் என்ற குருவானவர், சிறுவருக்கு ஞானோபதேசம் படிப்பித்ததற்காக ஓராண்டு சிறைத் தண்டனை பெற்றார். ஆட்சியாளரோ நாட்டில் மத சுதந்திரம் உண்டென்றே உலகுக்குச் சொல்லி வந்தனர்.

1972 மார்ச் 19, சூசையப்பர் திருநாள். சிம்னாஸ் பங்கில் பணியாற்றிய சிகிதாஸ் தம்கெவிச்சியஸ் என்ற இளங்குரு ‘லித்துவேனியக் கத்தோலிக்க திருச்சபையின் நாளாகமம்’ என்ற இரகசிய ஏட்டைத் தொடங்கினார். அச்சகம் ஏது? மெல்லிய தாள்களுக்கிடையே கார்பன் வைத்துத் தட்டச்சு செய்தார்கள். கிடைத்தவர் திரும்பவும் தட்டச்சு செய்து மற்றவருக்குக் கொடுத்தார். பிரதிகள் மொஸ்கோ வழியாகவும் வெளிநாடு போயின. வத்திக்கான் வானொலி அவற்றை லித்துவேனிய மொழியில் ஒலிபரப்பியது. பக்கத்து ஊரில் நடந்ததை ரோமாபுரியிலிருந்து கேட்டறிய வேண்டிய நிலை!

கோவிலுக்குப் போன பிள்ளையைப் பாடசாலையில் விசாரித்தது யார், வேலை இழந்த ஆசிரியை எந்த ஊரவர், வீட்டைச் சோதித்தவர்கள் எதை எடுத்துப்போனார்கள் என்பவையே அதன் செய்திகள். பெயர், ஊர், நாள் எல்லாம் குறிக்கப்பட்டன. தணிக்கை உள்ள நாட்டில் வதந்திக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரு செய்தி பிழைத்தாலும், முழுவதையும் அவதூறு என்று தள்ளிவிட அரசுக்கு அது போதும். நாம் படலையடியில் நின்று பிறரைப் பற்றிச் சொல்லும் கதைகளில், விசாரித்து அறிந்தவை எத்தனை?

1974 ஆகஸ்ட் 27ல் வில்னியுஸ் நகரில் தம் வீட்டில் 11ஆம் இதழைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த நியோலே சதூனைத்தே பிடிபட்டார். மறைவாக இயங்கிய கன்னியர் சபையைச் சேர்ந்தவர் அவர். யார் தந்தது, யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்டார்கள். அவர் ஒருவரையும் காட்டிக்கொடுக்கவில்லை. மூன்று வருடம் முகாம், பின்னர் மூன்று வருடம் சைபீரியாவில் வாசம். கத்தோலிக்கர் அல்லாத செர்கேய் கொவல்யோவ் என்ற உயிரியல் அறிஞருக்கு ஏழு வருட முகாமும் மூன்று வருட நாடுகடத்தலும் கிடைத்தன. இந்த ஏட்டின் செய்திகளைப் பயன்படுத்தியதும் அவர் மீதான குற்றச்சாட்டுகளில் ஒன்று. நம்மவர் அல்லாத ஒருவர் நம்மவர்க்காகப் பட்ட பாட்டை மறக்கலாகாது.

1983 மே மாதத்தில் தம்கெவிச்சியஸ் அடிகளாரும் கைதானார். 1988ல் விடுதலையாகி, 2019ல் கர்தினாலானார். அவர் மறியலில் இருந்தபோது மற்றவர்கள் தட்டச்சு செய்தார்கள். 1989 வரை 81 இதழ்கள் வந்தன. சதூனைத்தேயின் கையிலிருந்து பறிக்கப்பட்ட 11ஆம் இதழும் அவற்றுள் ஒன்று.